வாட்டாத தலை

உத்தமபாளையம் மார்க்கெட்டில் சுருளியின் கறிக்கடைக்கு மூளை கேட்டு வருகிறவர்கள் பல ரகம். பிள்ளைக்குப் பரீட்சை என்று வருவார்கள். வீட்டுப் பெரியவருக்குப் பல் போய்விட்டது, வேறெதையும் மெல்ல முடியவில்லை என்று வருவார்கள். மாப்பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார் என்று மூச்சிரைக்க ஓடி வருவார்கள். இவர்கள் எல்லாரையும் விட அதிகமாக அந்தக் கடையில் மூளை வாங்கியது ஞானசெல்வி டீச்சர்தான். ஆனால் டீச்சர் வீட்டு அடுப்பில் ஒரு நாளும் மூளை வறுபட்டதில்லை. அவளுக்கு ஆட்டுக்கறி வாடையே ஆகாது.

பிறந்து வளர்ந்தது ராயப்பன்பட்டி. அப்பாவுக்குக் கொஞ்சம் நெல்வயல், கொஞ்சம் திராட்சைப் பந்தல். கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்து, மதுரையில் விடுதியில் தங்கி விலங்கியல் முடித்தாள். வீட்டில் கோழி அறுக்கிறார்கள் என்றால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காத பெண் விலங்கியலை எடுத்தது எப்படி என்று அவள் அம்மா கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். கணக்கில் மார்க் குறைவு என்பதுதான் உண்மை. அதை அம்மாவிடம் சொல்ல அவளுக்கு மனசில்லை.

படிப்பு முடிந்த கையோடு அதே ஊர் இஞ்ஞாசிமுத்துவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். திராட்சைக்காரன், வாய்த்துடுக்கு உண்டு, மனசில் ஒன்றும் கிடையாது. ஒரே மகள் ஜெசிந்தா. உத்தமபாளையத்துக்கு வெளியே இருந்த பெண்கள் கல்லூரியில் ஞானசெல்விக்கு வேலை கிடைத்தது. காலையில் பஸ், மாலையில் பஸ், நடுவில் தவளையும் கரப்பான்பூச்சியும். இப்படியே ஓய்வுபெறும் வரை ஓடியிருக்க வேண்டிய வாழ்க்கை. அதை மூளைப் பக்கம் திருப்பிவிட்டது அவளுடைய சித்தப்பா சவரிமுத்து.

சவரிமுத்து நல்ல மனுஷன், குடிக்காத நேரத்தில். குடிக்காத நேரம் வரவர அருகிப்போய், கடைசியில் மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். வயிறு வீங்கிக் கிடந்தது. அது கூடப் பரவாயில்லை. பெற்ற மகளை யாரோ ஊர் பேர் தெரியாத பெண்ணின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உடம்பில் இல்லாத சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தூங்கினார், எழுந்திருக்கவில்லை. “கல்லீரல் வேலை நிறுத்திருச்சும்மா. ரத்தத்துல அம்மோனியா ஏறி, அது மூளைக்குப் போயிருச்சு” என்றார் டாக்டர்.

மற்றவர்கள் அழுதுவிட்டு வீடு திரும்பினார்கள். ஞானசெல்வியும் அழுதாள்தான். ஆனால் அந்த அம்மோனியா அவளை விடவில்லை. அது மூளைக்குள் போனால் தடுக்க அங்கே யாருமே இல்லையா? கல்லூரி நூலகத்தில் தடிப் புத்தகமாகத் தேடி எடுத்துப் படித்தாள். ஒருவன் இருந்தான். பெயர்தான் வாயில் நுழையாத பெயர், குளூட்டமின் சிந்தடேஸ் என்கிற நொதி. அவனுக்காகவே 1997இல் மதுரையில் பேராசிரியர் சுந்தர்ராஜிடம் பகுதிநேர ஆய்வுக்குப் பதிந்துகொண்டாள்.

அது என்ன ஏது என்று இஞ்ஞாசிமுத்துவுக்கு விளங்க வைத்தது பந்தலுக்குக் கீழே, அவன் கொடி கட்டிக்கொண்டிருந்தபோதுதான்.

“ஏங்க, மூளைக்குள்ள ஒரு செல்லு இன்னொரு செல்லுகிட்டப் பேசணும்னா குளூட்டமேட்டுன்னு ஒரு சரக்க வெளிய விடும். பேசி முடிஞ்சதும் அத உடனே வாரி எடுத்துறணும். அங்கனயே கெடந்துச்சுன்னா செல்லே செத்துப்போகும்.”

“தண்ணியத் தொறந்து விட்டவன் மடைய அடைக்காமத் தூங்கப் போனா வெள்ளாம அழுகுற மாதிரி.”

“அதேதான். அந்த மடைய அடைக்கிறதுக்குன்னு ஒரு நொதி இருக்கு. மிஞ்சுன குளூட்டமேட்டையும் அம்மோனியாவையும் சேத்து ஒட்டி, குளூட்டமின்னு ஒரு சாதுவான பொருளா மாத்திவிட்டுரும். மூளைக்கு அம்மோனியாவ அடக்கணும்னா அத விட்டா வேற நாதி கெடையாது.”

“ஒரே ஆளு ரெண்டு வேல பாக்குறான்னு சொல்லு.”

“சம்பளமும் வாங்காம.”

“அப்ப அவன் நம்ம சாதி சனந்தான்” என்றான் இஞ்ஞாசிமுத்து, கொடியை முடிச்சுப் போட்டபடி.

ஆய்வுக்கு என்ன எடுப்பது என்ற கேள்விக்கும் பந்தலுக்குக் கீழேயே விடை கிடந்தது. அந்தக் காலத்தில் பள்ளத்தாக்கில் திராட்சைக்குப் போட்ட யூரியாவுக்கு அளவே கிடையாது. பக்கத்துத் தோட்டக்காரன் ஒரு கை போட்டால் இவன் இரண்டு கை போடுவான். பந்தலுக்குக் கீழே புல் கரும்பச்சையாக மண்டிக் கிடக்கும். அதை மேய்கிற ஆடுகளின் வயிற்றில் அம்மோனியா கூடுதலாக ஊறும் என்று புத்தகம் சொன்னது. அப்படியானால் அந்த ஆட்டு மூளையில் நம் ஆள் என்ன செய்துகொண்டிருப்பான்? கோம்பைப் பக்கம் மலையடிவாரத்தில் காய்ந்த புல்லும் செடியும் தின்கிற ஆட்டின் மூளையில் எப்படி இருப்பான்? இரண்டையும் அளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, இவ்வளவுதான் அவளுடைய ஆய்வு. சுந்தர்ராஜ் கேட்டுவிட்டு, “நல்லாருக்கு. ஆனா மூளை சூடு ஆறுறதுக்குள்ள ஐஸ்ல போகணும், அதுதான் கஷ்டம்” என்றார்.

அந்தக் கஷ்டத்துக்குத்தான் சுருளி. அவன் கடையில் ஆடு அறுப்பது புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும். புதனுக்குக் கோம்பைப் பக்கத்து மலையாடு வரும். ஞாயிறு கூட்டத்துக்கு ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டிப் பக்கம் தோட்டத்து ஆடுகளைப் பிடித்து வருவான். கேட்காமலே காரியம் பழமாக வந்து வாயில் விழுந்தது. தெர்மோகோல் பெட்டி ஒன்றும், மீன் கடைக்காரரிடம் சொல்லி ஐஸும் ஏற்பாடு செய்தாள். “சுருளிண்ணே, ஒடைச்ச ஒடனே டப்பால போட்டு ஐஸுக்குள்ள வச்சிறணும், ஒரு நிமிசங்கூட வெளிய இருக்கக் கூடாது” என்று சுருளியிடம் சொன்னாள். “ஐஸு வைக்கணும், அவ்வளவுதான டீச்சர்? வச்சிட்டாப் போச்சு” என்றான் அவன்.

புதன்கிழமை அவளே கல்லூரி போகிற வழியில் கடைக்கு முன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று வாங்கிக்கொள்வாள். சுருளி தலையைக் கட்டையில் வைத்து ஒரே போடு, மூளையை எடுத்து டப்பாவில் போட்டுவிடுவான். ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு ஏற்பாடு. அன்றைக்கு ராயப்பன்பட்டியில் பூசை. கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுப் பூசையை அவள் விட்டதில்லை. பெட்டியை முதல் நாளே கடையில் கொடுத்துவிடுவாள். பூசைக்கு வராமல் தப்பிக்க ஏதாவது காரணம் தேடிக்கொண்டிருந்த இஞ்ஞாசிமுத்துவுக்கு அறிவியலே கை கொடுத்தது. மனைவியைக் கோயிலில் இறக்கிவிட்டு, உத்தமபாளையம் போய்ப் பெட்டியை வாங்கி வந்துவிடுவான். மதியத்துக்கு மேல் அவள் கல்லூரிக்குப் போய் ஆய்வுக்கூடத்தைத் திறப்பாள். புதன்கிழமை மூளையும் அதே அளவு நேரம் ஐஸில் கிடந்த பிறகுதான் தொடுவாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு துளி வித்தியாசம் இருந்துவிடக் கூடாது என்பதில் அப்படி ஒரு கறார்.

மூளையைக் குளிர்ந்த சர்க்கரைக் கரைசலில் கண்ணாடிக் குழாய்க்குள் அரைப்பாள். அதை எந்திரத்தில் வேகமாகச் சுழற்றி எடுத்து, தெளிந்த சாற்றில் மருந்துகளைச் சேர்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, கடைசியில் இரும்பு உப்பை விட்டால் டீ டிகாஷன் மாதிரி நிறம் ஏறும். நொதி மும்முரமாக வேலை பார்த்திருந்தால் கடும் டீ, சோம்பியிருந்தால் தண்ணி டீ. பரிசோதனைக் கருவி தரும் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவளுக்குக் கண் சொல்லிவிடும்.

அந்தக் கண் சொன்ன சேதி அவளைத் தூக்கிவாரிப் போட்டது. மலையாட்டுச் சாறு கடும் டீ. தோட்டத்து ஆட்டுச் சாறு அதில் பாதிகூட ஏறவில்லை. ஏதோ தவறு என்று அடுத்த வாரம் பார்த்தாள். அடுத்த மாதம் பார்த்தாள். வருஷம் திரும்பியும் அதே பாதி. கூடவே அளந்து வந்த இன்னொரு நொதியான குளூட்டமேட் டிஹைட்ரஜனேஸும் இதே பாட்டைத்தான் பாடியது. இன்னொன்றையும் அவள் கவனித்தாள். தோட்டத்து ஆட்டு மூளை பார்வைக்கே வேறாக இருந்தது, ஓரமெல்லாம் கொஞ்சம் வெளுப்பு, தொட்டால் கொஞ்சம் கெட்டி.

“யூரியாவத் தின்னா மூளை வெளுக்காம என்ன செய்யும்?” என்றான் இஞ்ஞாசிமுத்து. அவனுக்கு உள்ளூரப் பயம் வந்துவிட்டது. ஒரு பந்தலுக்கு யூரியாவையே நிறுத்திவிட்டான். இலை பழுத்துச் சோகை பிடித்து நின்றதைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்து வீரபாண்டி, “என்ன இஞ்ஞாசி, கொடிக்குப் படிப்பு வரணும்னு பட்டினி போடுறியா?” என்று கேட்டுவிட்டுப் போனான். இஞ்ஞாசிமுத்துவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக எதிர்ப்பேச்சு வரவில்லை.

சுந்தர்ராஜுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரு கருத்தரங்கில் அவளை ஏற்றிப் பேச வைத்தார். சென்னையிலிருந்து வந்தவர்கள் எல்லாம் எழுந்து கேள்வி கேட்டார்கள். டீ இடைவேளையில் நாலு பேர் அவளைச் சூழ்ந்துகொண்டு முகவரி வாங்கினார்கள். ராயப்பன்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்த தன்னை நாலு பேர் சூழ்ந்துகொள்வது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்ன, பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலுக்கு வெளியே முகத்தை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தாள். ஆய்வேட்டை 2001 டிசம்பருக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்கு மேல் பதிவு காலாவதி. ஏற்கெனவே ஒரு தடவை நீட்டிப்பு வாங்கியாயிற்று, இனிமேல் கேட்க முடியாது. அதனால் என்ன? எழுத வேண்டியதுதான் பாக்கி என்று இருந்தாள்.

அந்த வருஷம் ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இஞ்ஞாசிமுத்து பழ லாரியோடு கோட்டயம் போயிருந்தான். பெட்டி வாங்க ஆள் இல்லை. பூசைக்கு முன்னாலேயே போய் வாங்கி வந்துவிடலாம் என்று ஞானசெல்வி விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். கடை முன்னால் கூட்டம். சுருளி கறியை வெட்டிப் போட்டுக்கொண்டே, “பின்னாடி போங்க டீச்சர், அங்கன ஜக்கம்மா இருக்கா” என்றான்.

ஜக்கம்மா அவன் மனைவி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடைக்கு வருவாள். தலையும் காலும் அவள் பொறுப்பு. கடைக்குப் பின்னால் தேங்காய் மட்டையைப் போட்டுத் தீ வளர்த்து, ஒரு கம்பியில் குத்தி ஆட்டுத் தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள். முடி பொசுங்கும் நாற்றம் மூக்கைத் துளைத்தது. பக்கத்தில் ஞானசெல்வியின் தெர்மோகோல் பெட்டி பத்திரமாக நிழலில் இருந்தது.

“வாங்க டீச்சர், வாங்க! உங்க தலதான் இந்தா வாடிக்கிட்டு இருக்கு.”

ஞானசெல்வி நின்ற இடத்தில் நின்றாள். “ஜக்கம்மாக்கா, எனக்கு எப்பவுமே வாட்டித்தான் எடுப்பீகளா?”

“பின்ன? முடியும் ரத்தமுமாப் பச்சத் தலைய ஒடச்சு உங்களுக்குக் குடுப்பேனா? ஊருக்கெல்லாம் ஒரு வாட்டுன்னா உங்களுக்கு ரெண்டு வாட்டு. நல்லா வாட்டிச் சொரண்டி, மஞ்சத் தண்ணி விட்டுக் கழுவிட்டுத்தான் ஒடைப்பேன். காலேசுக்குப் போற பொருளு சுத்தமாப் போகணும்ல? ஒடச்ச ஒடனே ஐஸுல வச்சிருவேன், ஒரு நிமிசம் பிந்த மாட்டேன். நீங்க சொன்னது சொன்னபடி.”

ஜக்கம்மா முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

நொதி நெருப்பு தாங்காது. இதை அவள் வருஷா வருஷம் முதலாண்டு மாணவிகளுக்கு நடத்துகிறாள். வாட்டிய தலைக்குள்ளே மூளையின் ஓரம் வெந்திருக்கும், நடு பிழைத்திருக்கும். அரைத்தால் பாதிதான் வேலை செய்யும். அந்தப் பாதிதான் அவளுடைய கண்டுபிடிப்பு. வெளுப்பும் கெட்டியும் யூரியாவின் வேலை அல்ல, தேங்காய் மட்டையின் வேலை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பூசைக்குப் போனாள். அன்றைக்குச் சாமியார் எதைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மண்டியிட்டவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். யாருக்குத் தெரியும்? சுருளிக்குத் தெரியாது. ஜக்கம்மாவுக்குத் தெரியாது. மதுரையில் ஒருவருக்கும் தெரியாது. கருத்தரங்கில் எழுந்து நின்றவர்கள் உத்தமபாளையம் மார்க்கெட்டுக்குக் கறி வாங்க வரப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் பெயருக்கு முன்னால் டாக்டர். வாயைத் திறந்தால் இத்தனை வருஷமும் குப்பை. நினைத்ததை நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது; நற்கருணை வாங்க வரிசையில் நின்றபோதுகூட அதைத்தான் நினைத்தாள்.

பிறகு ஒரு நப்பாசை வந்தது. வாட்டு ஒரு காரணமாகவே இல்லாமல் இருந்தால்? புதன்கிழமை ஜக்கம்மாவைக் கடைக்கு வரச் சொன்னாள். மலையாட்டுத் தலை ஒன்றை வாட்டி எடுக்கச் சொன்னாள், இன்னொன்றைச் சுருளி வழக்கம்போலப் பச்சையாக உடைத்தான். இரண்டு சோதனைக் குழாய்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று கடும் டீ. மற்றது தண்ணி டீ. ஒரே மலை, ஒரே புல். ஞானசெல்வி ஆய்வுக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்ததும் செய்ய வேண்டியது தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மூளை பச்சையாக வேண்டும். அடுத்த சனிக்கிழமை பெட்டியைக் கொடுக்கும்போது, மறுநாளைக்குத் தேங்காய் மட்டை கொண்டுவந்து போட வந்திருந்த ஜக்கம்மாவே நின்றாள். “அக்கா, நாளைக்கு எனக்கு நீங்க வாட்ட வேணாம். சுருளிண்ணனே அப்படியே ஒடச்சுக் குடுக்கட்டும்” என்று மட்டும் சொன்னாள். பெரிய புத்திசாலித்தனமாகச் சொல்லிவிட்டதாக நினைப்பு.

ஜக்கம்மாவின் முகம் கறுத்துவிட்டது. “ஏன் டீச்சர்? எங் கை பட்டா ஆகாதா?”

கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஜக்கம்மாவின் ஆத்தாளும் அவளைப் பெற்றவளும் எத்தனை வாசலில் நின்றிருப்பார்கள் என்று ஞானசெல்விக்குத் தெரியும். அப்படியே கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போய், எல்லாவற்றையும் சொன்னாள். மூளைக்குள் குளூட்டமேட்டை வாரிக் கட்டுகிறவனைச் சொன்னாள், அவன் நெருப்புத் தாங்காததைச் சொன்னாள், பாதி டீயைச் சொன்னாள்.

ஜக்கம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, “ஆடு செத்தப்புறமும் அது உசுரோட இருக்குமா?” என்றாள்.

“உசுருன்னு இல்லக்கா. ஆனா கொஞ்ச நேரத்துக்கு அதும்பாட்டுக்கு வேல பாத்துக்கிட்டு இருக்கும். குளுருல வச்சா அப்படியே கெடாம இருக்கும். அதுக்குத்தான் ஐஸு.”

“அப்ப வேல பாத்துக்கிட்டு இருந்ததக் கொண்டுபோயி நான் தீயில காட்டியிருக்கேன். ரெண்டு ரெண்டு வாட்டாக் காட்டியிருக்கேன்.” ஜக்கம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஏன் ஆத்தா, இத முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

ஞானசெல்வி ஐஸ் வை என்று சொன்னாள், எதற்கு ஐஸ் என்று சொல்லவில்லை. சுருளியிடம் சொன்னாள், ஜக்கம்மாவிடம் பேசவே இல்லை. கறிக்கடைக்காரனின் பெண்டாட்டிக்கு இது எதற்கு என்று அவள் நினைக்கக்கூட இல்லை. அதுதான் அவளை ரொம்பவும் சுட்டது.

சுந்தர்ராஜிடம் சொல்லப் போன நாள் மோசமான நாள். அவர் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோபம் அவள்மேல் இல்லை என்று காட்டிக்கொள்வதற்காகக் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைத் திட்டினார்.

“நீங்க இத எங்கிட்டச் சொல்லாமயே இருந்திருக்கலாம்மா.”

“இருந்திருக்கலாம் சார். தூக்கம் வரல.”

“இப்ப எனக்கும் வராது.” மேசைமேலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “டிசம்பர் வரைக்கும் டைம் இருக்கு. மொதல்ல இருந்து பாருங்க. ஆனா ஒண்ணு, ரெண்டு ஆட்டுக்கும் வித்தியாசமே இல்லைன்னு வந்துச்சுன்னு வைங்க, எக்ஸாமினர் திருப்பி அனுப்பினாலும் அனுப்பிருவாங்க. வித்தியாசம் இல்லைங்கிறதுக்கு யாரும்மா பட்டம் குடுப்பா?”

முதலிலிருந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலமே கடைக்குப் பின்னால் போய் நின்றாள். பூசையை உத்தமபாளையத்தில் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டாள். ராயப்பன்பட்டியில் இதற்கு நாலு விதமாகப் பேச்சு கிளம்பியது. இஞ்ஞாசிமுத்து அதற்குப் பரிகாரமாகத் தானே காலைப் பூசைக்குப் போக ஆரம்பித்தான், பாவம். ஜக்கம்மாவோ தலையைத் தீப்பக்கமே அண்ட விடவில்லை. கூட்டத்தில் யாராவது அவசரப்படுத்தினால், “இருங்கய்யா, டீச்சரு பொருளு இன்னும் வேல பாத்துக்கிட்டு இருக்கு, மொதல்ல அத ஐஸுல வச்சிட்டு வாரேன்” என்பாள். கேட்டவன் ஒன்றும் புரியாமல் நிற்பான்.

ஐப்பசி மழை தொடங்கியபோது முடிவு தெரிந்துவிட்டது. தோட்டத்து ஆடும் கடும் டீ, மலையாடும் கடும் டீ. நொதி இரண்டிலும் ஒரே மாதிரிதான் உழைத்துக்கொண்டிருந்தது. யூரியாப் புல்லைத் தின்றாலும் காய்ந்த புல்லைத் தின்றாலும் அது தன் மடையைச் சரியாகத்தான் அடைத்து வைத்திருந்தது. ஞானசெல்விக்கு ஏமாற்றம்தான். ஆனால் ஏமாற்றத்துக்கு நடுவிலேயே, அந்தச் சின்னப் பொருள்மேல் அவளுக்கு முன்னைவிடப் பிரியம் கூடிவிட்டது. சவரிமுத்துச் சித்தப்பாவுக்குள்ளும் அது கடைசி வரை விடாமல் மல்லுக்கட்டியிருக்கும், அவர் ஊற்றிய ஊற்றுக்குத்தான் அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

“அப்ப யூரியா போடலாமா?” என்பதுதான் இஞ்ஞாசிமுத்துவின் முதல் கேள்வி.

“அளவாப் போடுங்க.”

“அளவாப் போடுன்னு சொல்றதுக்கா இத்தன ஆட்டுத் தல உருண்டுச்சு?” என்றான். பேச்சு அவனுக்குத் திரும்பி வந்துவிட்டதில் அவளுக்குச் சந்தோஷம்.

டிசம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்தாள். வாட்டிய தலைகளின் அளவுகளை நீக்கிவிடச் சொன்னார் சுந்தர்ராஜ். அவள் கேட்கவில்லை. அதற்கென்றே ஓர் அத்தியாயம் வைத்து, என்ன நடந்தது என்று ஆரம்பம் முதல் எழுதியிருந்தாள். “இது உங்க தல, நீங்களே வாட்டிக்கிறீங்க” என்றார் அவர். அவரும் வேடிக்கை பேசுவார் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

வாய்மொழித் தேர்வு மறு வருஷம் மதுரையில் வந்தது. இந்தத் தேர்வில் ஊரே உட்கார்ந்து பார்க்கலாம். உறவு சனம் எல்லாம் வருவது வழக்கம். இஞ்ஞாசிமுத்து இஸ்திரி போட்ட வேட்டியில் வந்தான், ஜெசிந்தா விடுதியிலிருந்து வந்தாள். சுருளி கடைக்கு லீவு விட்டுவிட்டு வந்தான். ஜக்கம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வெளித்தேர்வாளர் திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஓர் அம்மாள், நரைத்த தலை, கூர்மையான பார்வை. அவர் இன்னும் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

ஞானசெல்வி தன் ஆய்வைச் சொல்லி முடித்தாள். கேள்விகள் ஆங்கிலத்தில் வந்தன, சமாளித்தாள். கடைசியில் அந்த அம்மாள் நடு அத்தியாயத்தைப் புரட்டினார். கெட்டுப்போன அளவுகளை யாரும் ஆய்வேட்டில் வைப்பதில்லை, நீங்கள் ஏன் வைத்தீர்கள் என்று கேட்டார். சுந்தர்ராஜ் கூரையைப் பார்த்தார். ஞானசெல்வி ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் தடுமாறினாள். “தமிழில் பறைஞ்சோளு. எனிக்கு மனசிலாகும்” என்றார் அந்த அம்மாள், தமிழிலேயே சொல்லலாம், தனக்குப் புரியும் என்று.

“மேடம், எங்க பக்கத்துல ஆட்டுத் தலைய வாட்டித்தான் குடுப்பாங்க. அது ஒரு மரியாதை. எனக்கு எல்லாரையும் விட ரெண்டு மடங்கு மரியாதை கெடைச்சுச்சு. அதுலதான் நொதி செத்துப்போச்சு.” கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. “நாளைக்கு ஏதோ ஒரு ஊர்ல ஒரு பிள்ளை இதே மாதிரி ஆராய்ச்சிக்கு ஒரு கறிக்கடையில மூளை வாங்கப் போகும். அதுக்கும் யாராச்சும் மரியாதை செய்வாங்க. அந்தப் பிள்ளை இந்த அத்தியாயத்தப் படிச்சிருந்தா, முன்னாடியே ஒரு வார்த்தை பேசிரும்ல? நான் பேசல. தப்பு வாட்டுனவங்க மேல இல்ல மேடம், எம்மேலதான்.”

“வாட்டியது ஆரு?” என்றார் அந்த அம்மாள்.

நிறைந்த சபையில் ஒரு பெயரைச் சொல்லி எல்லாத் தலையையும் அந்தப் பக்கம் திருப்ப ஞானசெல்விக்கு மனம் வரவில்லை. பட்டம் போனாலும் போகட்டும் என்று பேசாமல் நின்றாள்.

கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது. “நாந்தேன் வாட்டுனேன்” என்று ஜக்கம்மா எழுந்து நின்றாள். “அவுக சொல்லல. நானும் எதுக்குன்னு கேக்கல. இப்ப யாரு வந்து மூளை கேட்டாலும் எதுக்குன்னு கேட்டுட்டுத்தான் தீயப் பத்தவைக்கிறேன்.”

அந்த அம்மாள் முதல்முறையாகச் சிரித்தார். சபையும் சிரித்தது, ஆனால் அது ஜக்கம்மாவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பல்ல, அவளோடு சேர்ந்து சிரித்தது. ஞானசெல்விக்குக் கண் நிறைந்து, எதிரே இருந்தவர்கள் எல்லாரும் கலங்கலாகத் தெரிந்தார்கள். தேர்வாளர் ஏதோ எழுதினார், கையெழுத்துப் போட்டார், தாளைச் சுந்தர்ராஜிடம் நீட்டினார். சுந்தர்ராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முடிவை ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கினார். நீளமான வாக்கியம். கடைசிச் சொல்லில்தான் பட்டம் உண்டா இல்லையா என்று தெரியும். ஆங்கிலம் தெரியாத ஜக்கம்மாவுக்கு வாக்கியம் எங்கே முடியும் என்று தெரியவில்லை. சுந்தர்ராஜின் முகத்தைப் பார்த்தாள், அது போதுமென்று பாதியிலேயே கைதட்டிவிட்டாள். அவள் தட்டியதைப் பார்த்துச் சுருளி தட்டினான், இஞ்ஞாசிமுத்து தட்டினான், சபை முழுக்கத் தட்டியது. மிச்சத்தை ஒருவரும் கேட்கவில்லை. ஞானசெல்வி டாக்டரானது அந்தப் பாதி வாக்கியத்தில்தான்.